வரேன்னு சொல்லாதீங்க!

"இன்னிக்குக் கைதிகளை மனு போட்டுப் பார்க்கிற நாள் இல்லைம்மா. திங்கக்கிழமை வாங்க."

சொட்டச் சொட்ட நனைந்து நின்ற பிரிஜெட்டுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெங்களூர் சென்ட்ரல் ஜெயிலின் பெரிய கதவுக்குள் இருந்த சின்னக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த காக்கி உடுப்புக்காரனை முறைத்தாள்.

"எங்க வீட்டு ஆளுங்க யாரும் உள்ளே இல்லை சார். பெண்கள் வார்டு மேட்ரன் வேலைக்கு வந்திருக்கேன்!"

அசடு வழிந்தான். "மன்னிச்சுக்கோங்க... நான் டென்சில், அசிஸ்டென்ட் ஜெயிலர். உள்ளே வாங்க, நனையறீங்க."

அதட்டவே தெரியாத கண்கள்! இவன் எப்படித்தான் கைதிகளை மேய்க்கிறானோ...

உள்ளே அவளைப் பேட்டி கண்ட சூப்பரின்டென்டென்ட், "பயமா இல்லையா?" என்றார்.

"பசிக்குத் திருடிட்டு வந்தவங்ககிட்ட என்ன சார் பயம்?"

அவருக்குப் பிடித்துவிட்டது. சனிக்கிழமைக்குள் வந்து சம்மதம் சொன்னால் வேலை அவளுக்கு. பிரிஜெட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேட்ரனாகச் சேர்ந்து, ஒருநாள் ஜெயிலராகவே ஆகிவிட வேண்டும். பெண்ணுக்கு அந்தப் பதவி கிடையாதாமே? கிடையாவிட்டால் உண்டாக்கச் சொன்னால் போச்சு!

வாசலில், "வரேங்க..." என்றாள் சிரித்தபடி.

டென்சில் பதறிப்போனான். "ஐயய்யோ! வரேன்னு சொல்லாதீங்க... போறேன்னு சொல்லுங்க!"

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "சரி, போறேன்!" விடுவிடென்று ஜட்கா வண்டியில் ஏறிவிட்டாள்.

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் அண்ணன் தியோடருக்கு ஒரே குஷி. "அங்கே இருக்கிறவனே வராதேன்னுட்டானா? விட்டுத் தள்ளு. ஜெயில்ல வேலை பார்க்கிற பொண்ணை எவன் கட்டிப்பான்?"

வீம்புக்குச் சனிக்கிழமையும் போகவில்லை. ஆனால் மனசு குடைந்தது. அப்போது அவன் முகத்தில் இருந்தது கோபமில்லையே... பயமல்லவா? எதற்குப் பயம்?

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், தூறலில் டென்சில்!

"ஏங்க வரலை? உங்களுக்கு ஜுரம்னு சூப்பரின்டென்டென்ட்கிட்ட புளுகி, நாளைக்கு வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன். எந்தக் கோயில்னு தெரியாம விடிஞ்சதுலேர்ந்து கோயில் கோயிலா ஏறி இறங்கறேன்!"

"நீங்கதானே வராதேன்னீங்க?"

"அடடா... அது எங்க ஜெயில் வாசல் பழக்கங்க. விடுதலையாகிப் போறவன் வாய் தவறி 'வரேன்'னுட்டா, மறுபடி உள்ளே வந்துடுவானோன்னு வார்டர் எல்லாரும் பதறுவாங்க. அதே வாய் உங்ககிட்டயும்..."

பிரிஜெட் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பின்னால் வந்த தியோடருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஜெயில் வேலைக்குப் போனா இவளை எவன்யா கட்டிப்பான்?"

"நான்," என்றான் டென்சில். சொன்ன பிறகுதான் காது சிவந்தது.

அப்போதும் பிரிஜெட் விடவில்லை. "கட்டிக்கிட்டு, வேலையை விடும்பீங்க."

"விடச் சொல்றவன் இப்படி அலைவானாங்க? உங்களைப் பிடிச்சிருக்கு... அந்த வேலைதான் வேணும்னு நிக்கற உங்களைத்தான் பிடிச்சிருக்கு."

மழை வலுத்தது. இரண்டு பேரும் நகரவில்லை.

"நாளைக்கே சேர்றேன். ஜெயிலுக்குள்ள உங்களை சார்னுதான் கூப்பிடுவேன்."

"வெளியே...?"

அண்ணன் நிற்கிறார் என்று தெரிந்தும் தலைகுனிந்து, மெல்ல, "டென்சில்..." என்றாள். "எனக்கும் பிடிச்சிருக்கு."