நீர்த்தேக்கத்துக்குள் ஒரு பித்தளை முத்திரை

"நானும் வர்றேன்!" என்றார் சுந்தரவதனம். "நீங்களே ஒரு முத்திரையைச் செஞ்சு கொண்டாந்துட்டு, தண்ணிக்குள்ள கிடைச்சுதுன்னு சொன்னா யாரு நம்பறது?"

ஜெயசீலிக்குச் சுருக்கென்றது. தபால்தலைக் கண்காட்சியில் எல்லோர் முன்னிலையிலும் அவளுடைய தபால்தலையைப் போலி என்று சொன்ன நிபுணர் அவர்தான்.

"தாராளமா வாங்க சார்" என்றாள்.

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் கடிதக் கட்டணம் திடீரென்று உயர்ந்தபோது, மேல்கரடு என்ற மலையடிவார ஊருக்குப் புதிய தபால்தலைகள் வந்து சேரவில்லை. அங்கிருந்த போஸ்ட்மாஸ்டர் ஒரு பித்தளை முத்திரை செய்து, கையிருப்பில் இருந்த பதினைந்து பைசாத் தலைகளின்மேல் '20' என்று குத்தி விற்றார். புதிய தலைகள் வந்ததும், வேறு யார் கையிலும் சிக்கக் கூடாதென்று அந்த முத்திரையைத் தபால் ஆபீஸ் வாசற்படியில் பதித்துச் சிமென்டு பூசிவிட்டார். அவருடைய மகளே ஜெயசீலியிடம் சொன்னது இது. பிறகு அணை வந்தது, ஊர் மூழ்கியது. அந்தத் தலைகளில் ஒன்று என்று நம்பித்தான் ஜெயசீலி வளையலை விற்றுத் தன் தபால்தலையை வாங்கியிருந்தாள்.

இந்தக் கோடையில் நீர் வற்றி, மேல்கரடு தலை காட்டியது. முத்திரையை எடுத்துத் தன் தபால்தலையோடு ஒப்பிட்டுவிடலாம் என்று ஜெயசீலி கிளம்பினாள்.

பரிசல் ஓட்டிய பொம்மன் கரையிலேயே எச்சரித்தார். "மலையில மழை புடிச்சிருச்சுங்க அம்மிணி. தண்ணி ஏறுனா சத்தம் போடுவேன். போட்டது போட்டபடி ஓடியாந்துரோணும்!"

கூரையில்லாத சுவர்கள், சேறு அப்பிய தெருக்கள். தபால் பெட்டி இருந்த வட்டத் தடத்தைச் சுவரில் கண்டதும் ஜெயசீலி உளியை எடுத்தாள். படி லேசில் உடையவில்லை. கை கொப்புளித்தது. கடைசியில் ஒரு சில்லு பெயர்ந்து, பித்தளை மின்னியது!

"அம்மிணி! தண்ணி!"

முத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள். சுந்தரவதனம் குறுக்கு வழியில் பாய்ந்தார். நாலடி வைப்பதற்குள் இடுப்புவரை சேற்றில் இறங்கிவிட்டார்.

"அசையாதீங்க சார்! அசைஞ்சா இன்னும் இழுக்கும்!"

பொம்மன் வீசிய துடுப்பைச் சேற்றின்மேல் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து நகர்ந்தாள். அவர் கையைப் பிடித்தாள். பின்னாலிருந்து பொம்மன் அவள் கால்களைப் பற்றி இழுத்தார். வெள்ளம் முழங்காலைத் தொடுவதற்குள் மூவரும் பரிசலில் போய் விழுந்தார்கள்.

கரையேறியதும் ஜெயசீலி முத்திரையைக் கழுவி, மையில் தொட்டு, வெள்ளைத் தாளில் குத்தினாள். பக்கத்தில் தன் தபால்தலையை வைத்தாள். உருப்பெருக்கியில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். முத்திரையின் பூஜ்ஜியம் முட்டை வடிவில் இருந்தது. அவளுடைய தபால்தலையில் இருந்ததோ நல்ல வட்டம்.

சுந்தரவதனம் சொன்னது சரிதான். ஆனால் சேறு காய்ந்த அவர் முகத்தில் துளி சந்தோஷம் இல்லை.

"என் உயிரைக் காப்பாத்தியிருக்கீங்க, மேடம். பொருந்துதுன்னு நான் சொல்லிடறேன். நான் சொன்னா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க."

ஜெயசீலி நீர்ப்பக்கம் திரும்பினாள். அங்கே சுவர்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

"ஊருக்குச் சரியாப் போயிடும் சார். ஆல்பத்தைத் திறக்கறப்பல்லாம் எனக்குத் தெரியுமே!"

அடுத்த கண்காட்சியில் முத்திரையை வைத்தார்கள். அதன் கீழே ஜெயசீலியின் தபால்தலை. 'போலி' என்று அவளே எழுதிய அட்டையோடு. கூட்டம் அங்கேதான் மொய்த்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள்; மேல்கரட்டிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பமாம். கையில், '20' குத்திய தலை ஒட்டிய பழைய கடித உறை ஒன்று.

சுந்தரவதனம் குனிந்து பார்த்தார். "பொருந்துது! மேடம், பொருந்துது!"

ஜெயசீலி உருப்பெருக்கியை வாங்கினாள். முட்டை வடிவப் பூஜ்ஜியம், மை மங்காமல். இத்தனை வருடம் இதைப் பார்க்கத்தானே அலைந்தேன் என்று நினைத்தாள். அது தன் ஆல்பத்தில் இல்லை என்பது அப்போது அவளுக்குப் பெரிதாகப் படவே இல்லை.