சிவப்புப் பசி

ஜெசிந்தாவின் முன்கையில், தோலுக்கடியில், சிவப்பு விளக்கு எரிந்தது. சாப்பிட்டு முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் வயிறு காந்தியது. கால்கள் கேண்டீன் பக்கம் இழுத்தன.

“இது மருந்தோட பசி. என் பசி இல்ல” என்று வாய்விட்டுச் சொன்னாள். தண்ணீர் குடித்துவிட்டு, சரக்குத் தளத்தைச் சுற்றி நடந்தாள். இருபதாவது நிமிடத்தில் சிவப்பு அணைந்தது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் அவள் கிரேன் இயக்குபவள். நான்காண்டுகளுக்கு முன், கிரேன் உச்சியில் அவள் மட்டும் அமரும் கூண்டுக்குள் அவளுக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கின. மனச்சிதைவு என்றார் மருத்துவர் நஸீமா. மாத்திரை குரல்களை நிறுத்தியது. ஓராண்டில் இருபத்தேழு கிலோ எடையையும் ஏற்றியது. கூண்டுக்குப் போகும் படிகளில் பாதியிலேயே மூச்சு வாங்கியது. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திப் பார்த்தாள். பதினோராம் நாள் குரல்கள் திரும்பின. அவளைத் தரைவேலைக்கு மாற்றினார்கள்.

“தின்னே பெருத்துட்டா. வாயைக் கட்டத் தெரியல” என்றார் மேற்பார்வையாளர் துரைப்பாண்டி, எல்லோர் முன்னாலும்.

நஸீமா வேறு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். பழைய மாத்திரை அளவுக்கு எதுவும் குரல்களை அடக்கவில்லை; அதற்கே திரும்ப வேண்டியிருந்தது. அப்போதுதான் பசிமானி வந்தது. முன்கைத் தோலுக்கடியில் பதிக்கும் அரிசி அளவுச் சில்லு. உடம்புக்கு உண்மையிலேயே உணவு தேவைப்பட்டால் பச்சை. உடம்பு கேட்காமல் மூளை மட்டும் கேட்டால் சிவப்பு.

“மாத்திரையை விடாதீங்க, ஜெசிந்தா. பசி எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சா நீங்க சமாளிச்சிடுவீங்க” என்றார் நஸீமா.

முதல் மாதம் சிவப்பைப் பார்த்து அழுதாள். இரண்டு முறை அதை மீறிப் பரோட்டா தின்றாள். பிறகு பழகிவிட்டது. ஒன்றரை ஆண்டில் பத்தொன்பது கிலோ இறங்கியது. குரல்கள் வரவில்லை. அவள் மறுபடி கிரேன் ஏறலாம் என்று மருத்துவக் குழு கையெழுத்திட்டது. கூண்டில் மறுபடி அமர்ந்த அன்று நாற்பது பெட்டிகளைத் தடுமாறாமல் இறக்கினாள்.

அதன்பின் பசிமானி எல்லோருக்கும் விற்பனைக்கு வந்தது. துறைமுகத்தில் பாதிப் பேர் பொருத்திக்கொண்டார்கள்.

ஒரு மத்தியானம் துரைப்பாண்டி அவளைத் தேடி வந்து சட்டைக் கையை மடித்துக் காட்டினார். சிவப்பு.

“ஜெசி, நான் ஒரு மாத்திரையும் முழுங்கல. காலையில இருந்து ஏழு தடவை எரிஞ்சிட்டு. சில்லு கோளாறோ?”

“எப்பல்லாம் எரியுது, அண்ணாச்சி?”

அவர் யோசித்தார். “கப்பல் லேட்டுன்னு மேல உள்ளவங்க ஏசும்போது. பஜ்ஜி விளம்பரம் பார்க்கும்போது. பிறகு…” குரல் தாழ்ந்தது. “வீட்ல மவன் பேசாம எந்திரிச்சுப் போகும்போது.”

“கோளாறு இல்ல, அண்ணாச்சி.”

“அப்ப உன்னை மாதிரி நானும் சமாளிச்சுக்கலாம்லா?”

ஜெசிந்தா அவரைப் பரிவோடு பார்த்தாள்.

“உங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். என்னைப் பசிக்க வைக்கிறது எதுன்னு மருந்துச்சீட்டுலயே எழுதியிருக்கு.”