பூட்டின் பெயரில் ஒரு கொலை

டெலிபோன் அலறியது.

துப்பறிவாளர் எடுத்தார். மறுமுனையில் பஸ் கம்பெனி மேனேஜர், மூச்சிரைக்க.

"சார், கொலை. எங்க சர்வரைக் கொன்னுட்டாங்க. நேத்து மத்தியானம் டிக்கெட் கவுண்டர் அத்தனையும் படுத்துடுச்சு. கொலைகாரியைப் பிடிச்சு வச்சிருக்கேன். நீங்க வந்து ஆமான்னு சொன்னா போதும், போலீஸ்ல ஒப்படைச்சிடுவேன்."

கொலைகாரி சர்வர் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சர்வரைப் பராமரிப்பவள். யார் எதைத் தொட்டாலும், "உங்களுக்கு அனுமதி இருக்கா?" என்பாள். அதனால் அலுவலகத்தில் அவள் பெயர் பூட்டு.

இன்று பூட்டின் கண்கள் சிவந்திருந்தன. வேலை போகும்... கூடவே மானமும் போகும்.

"சர்வரை நிறுத்துன்னு உத்தரவு போனது இவ கணக்குலேர்ந்து," மேனேஜர் திரையைத் தட்டினார். "இதுக்கு மேல என்ன வேணும்?"

"நேத்து மத்தியானம் எங்கேம்மா இருந்தே?"

"பல் டாக்டர்கிட்ட சார். வாயைத் திறந்துக்கிட்டு."

"கை சும்மாதானே இருந்துச்சு? போன்ல செஞ்சிருப்பா!" மேனேஜர் குறுக்கிட்டார்.

"கையால நாற்காலியைப் பிடிச்சிருந்தேன் சார்."

துப்பறிவாளர் மோவாயைத் தடவினார்.

"உன் கணக்கை வேற யாராவது பயன்படுத்தறாங்களா?"

"யாரும் இல்ல..." பூட்டு சட்டென்று நிமிர்ந்தாள். "நெட்வொர்க்கைக் கண்காணிக்கிற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு சார். அது என் கணக்குல, முழு அனுமதியோட ஓடுது. அந்தத் திரையில யார் எதை அழுத்தினாலும் என் பேர்லதான் பதிவாகும். அதுக்குத் தனிக் கணக்கு போடலாம்னு கெஞ்சினேன். மேனேஜர் சார்தான், 'வேலை மெனக்கெட்டு எதுக்கு, உன்னோடதையே போடு'ன்னாரு."

மேனேஜர் இருமினார்.

"அந்தத் திரை எங்கெல்லாம் தெரியும்?"

"என் மேசையில. அதைப் பூட்டிட்டுத்தான் போனேன். அப்புறம்..."

"அப்புறம்?"

"சார் ரூம் டி.வி.யில."

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜருக்கு வியர்த்தது.

"நேத்து மேட்ச் இருந்துச்சு இல்ல?" துப்பறிவாளர் மெதுவாகக் கேட்டார்.

"கடைசி ஓவர் சார்..." மேனேஜரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அந்த சாஃப்ட்வேரோட கட்டம் ஒண்ணு வந்து படத்தை மறைச்சுது. மூடலாம்னு எதையோ அழுத்தினேன்."

"நிறுத்தவான்னு கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. ஆமான்னேன். நிச்சயமாவான்னு கேட்டுச்சு. இதென்ன நச்சரிப்புன்னு மறுபடியும் ஆமான்னேன். சர்வரோட சேர்ந்து மேட்சும் போச்சு."

பூட்டு மூக்கை உறிஞ்சினாள். எழுந்து கம்ப்யூட்டரில் படபடவென்று தட்டினாள்.

"தனிக் கணக்கு போட்டாச்சு. இனிமே நீங்க பார்க்கலாம் சார். தொட முடியாது."

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டு துப்பறிவாளரை ஒட்டி வந்தார்.

"கடைசியில... யாரு சார் ஜெயிச்சது?"

"பூட்டு," என்றார் துப்பறிவாளர்.