எல்லாக் காலும் தொட்டிக்குள்ளே

ஆசிரியை மேடம் லலோண்ட் நீட்டிய தொப்பிக்குள் கைவிட்டு ஜொய்சி எடுத்த சீட்டில் 'ஃபுல்லர்' என்று இருந்தது. வகுப்பில் ஒருவருடைய குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று இன்னொருவர் கண்டுபிடித்து வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டும்.

நோவா வாக்கருக்குக் கிடைத்தது 'அருமைராசா'.

"அது என் அப்பாவின் பெயர். அவ்வளவுதான்" என்றாள் ஜொய்சி.

"அவ்வளவுதானா?" நோவாவின் வீட்டுப்பாடம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. கொடுத்து வைத்தவன்!

ஃபுல்லர் என்பது ஓவனின் பெயர். அவன் லாசாலுக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இடைவேளையில் ஜொய்சியின் பக்கத்தில் வந்து நின்றான்.

"நல்லதாக ஏதாவது கண்டுபிடி, ஜொய்சி. தளபதி, மாலுமி, அந்த மாதிரி. பழைய பள்ளியில் என்னை 'முயல் பல்' என்றுதான் கூப்பிட்டார்கள். இங்கே இன்னும் யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை."

நூலகப் புத்தகத்தில் தளபதியும் இல்லை, மாலுமியும் இல்லை. தொட்டிதான் இருந்தது.

பழைய இங்கிலாந்தில் கம்பளித் துணி நெய்தவுடன் சல்லடை போலத் தளர்வாக இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு நாள் முழுக்கக் காலால் மிதித்தால் அழுக்குப் போய்த் துணி தடிக்கும். அப்படி மிதித்தவர்தான் ஃபுல்லர். சரி, தொட்டியில் என்ன ஊற்றினார்கள்? ஜொய்சி அடுத்த வரியைப் படித்தாள். புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

புளித்த சிறுநீர்!

சொன்னால் ஆறாம் வகுப்பு முடியும்வரை ஓவனை 'மூத்திரக் காலன்' என்பார்கள். மறைத்தாலும் பயனில்லை. நோவா ஒரு நிமிடத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடுவான்.

மாலையில் அம்மாவின் சேலைக் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். வாங்க வந்த ஒரு அக்கா நீலச் சேலையைத் தொட்டும் தொடாமலும் பார்த்தார்.

"விலை என்ன?"

"விலை பேந்து பாப்பம். முதல்ல தோளில போடுங்கோ" என்றார் அம்மா.

அந்த அக்கா போட்டார். கண்ணாடியில் பார்த்தார். திரும்பிப் பார்த்தார். விலையைக் கேட்டு முகத்தைச் சுளித்தாலும், தோளில் இருந்ததை இறக்க மனம் வரவில்லை.

ஜொய்சி துள்ளி எழுந்தாள். "அம்மா, உங்கட பழைய கம்பளிச் சால்வையைத் தாறீங்களா?"

"ஓம், எடு. காத்தெல்லாம் அதுக்குள்ளால பூருது. என்னத்துக்கடி?"

"மிதிக்க."

"பள்ளிக்கூடத்தில இப்ப இதுவோ படிப்பிக்கினம்?"

வெள்ளிக்கிழமை வகுப்பின் நடுவே ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதில் வெந்நீர், சோப்பு நுரை, அம்மாவின் சால்வை. மேடத்திடம் முதலே கேட்டாகிவிட்டது.

"காலுறையைக் கழற்றுங்கள். எல்லோரும் மிதிக்க வேண்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்" என்றாள் ஜொய்சி.

கூச்சல் கூரையைப் பிளந்தது. நோவா இரண்டு முறை வரிசையில் நின்றான். ஓவன் சிரித்த சிரிப்பில் முயல் பல் இரண்டும் தெரிந்தன. கடைசியில் மேடம் லலோண்டே கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார்.

பிழிந்து எடுத்தபோது சால்வை பாதியாகச் சுருங்கி, தடித்த போர்வைத் துண்டு போல இருந்தது.

"இதுதான் ஃபுல்லர் செய்த வேலை. அவர்கள் மிதித்திராவிட்டால் ஊரே குளிரில் விறைத்திருக்கும்" என்றாள் ஜொய்சி. மூச்சை இழுத்துக்கொண்டாள். "அவர்கள் காலத்தில் தொட்டிக்குள் இருந்தது சோப்பு இல்லை. புளித்த சிறுநீர்."

ஓவனின் முகம் வெளுத்தது.

"சீ!" என்று நோவா வாயைத் திறந்தான். சட்டென்று குனிந்தான். அவனுடைய காலிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பார்த்தான். எல்லோருடைய காலிலும்தான்.

"அட, நாம் எல்லோருமே இதைச் செய்துவிட்டோமே!" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. சிரிப்பு வெடித்தது. ஓவனும் சிரித்தான்.

"இன்னொன்றும் இருக்கிறது" என்றாள் ஜொய்சி. "இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்தில் இதே வேலை செய்தவருக்கு வேறு பெயர். வாக்கர்."

எல்லாத் தலைகளும் நோவாவின் பக்கம் திரும்பின. நோவாவின் காது சிவந்தது. ஓவன் நினைத்திருந்தால் அப்போதே ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கலாம். அவன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

நோவா வந்து உட்கார்ந்தான். சால்வையை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தான். "இன்னொரு தடவை மிதித்தால் இன்னும் தடிக்குமா?"

"தடிக்கும். ஆனால் மெதுவாக மிதி" என்றான் ஓவன் பெரிய மனிதன் போல. "எங்கள் தொழிலில் அவசரம் ஆகாது."