எருமைக்காரருக்குச் சொன்ன ‘ஓம்’

“‘ஓம்’ எண்டு கத்தினது நீங்கள்தானே?”

“ஓம்.”

“பாருங்கோ, திரும்பவும்!”

சீலாவுக்கு வந்த கோபத்தில் மழையே கொஞ்சம் பயந்து ஒதுங்கியது போலிருந்தது... முழங்கால் வரை சேறு. பின்னல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எதிரே, கண்ணாடியைக் கழற்றி நனைந்த சட்டையிலேயே துடைத்துக்கொண்டு நிற்கிறான் லெஸ்லி. ஓட்டக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவன். எப்போதும் கடைசியாக வருகிறவன். இவ்வளவு நாளில் அவளோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை!

சல்லிக் கிராமத்துக்கு மேற்கே, பாதையே இல்லாத பற்றை வெளி அது. ஒருவர் முன்னே ஓடிக் காகிதத் துண்டுகளைப் போட்டுக்கொண்டு போவார். மற்றவர்கள் அதைத் தேடித் தேடி ஓட வேண்டும். துண்டைக் கண்டவர், ‘ஆமாம், இருக்கிறது’ என்பதற்கு ‘ஓம்!’ என்று கத்தினால் எல்லாரும் அந்தக் குரலை நோக்கித் திரும்ப வேண்டும். குழுவின் சட்டம் அது. இன்றைக்கு மார்கழி மழை காகிதத்தையெல்லாம் கரைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து இவன் ஒரு ‘ஓம்’ போட... கடைசி ஆளின் குரல்தானே என்று மற்றவர்கள் விட்டுவிட, எல்லாருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்த சீலா மட்டும் திரும்பி ஓடி வந்துவிட்டாள்.

“எங்க துண்டு?”

“துண்டு ஒண்டும் இல்லை... எருமை சாய்ச்சுக்கொண்டு போன முஸ்லிம் காக்கா ஒருத்தர், ‘நல்லா நனைஞ்சிட்டீங்களோ தம்பி’ எண்டு கேட்டவர். அவருக்குத்தான் ஓம் எண்டனான்.”

“கடவுளே! தலையை ஆட்டியிருக்கலாம்தானே?”

“மழைக்குள்ள அவருக்குத் தெரியாதெண்டு...”

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். இன்றைக்குத் தோற்கக் கூடாது... இன்றைக்கு மட்டும்! இது அவளுடைய கடைசி ஓட்டம் அல்லவா? நாளைக்கு மன்னாரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். நல்ல குடும்பம். நல்ல உத்தியோகம். ஒன்றே ஒன்றைத்தான் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள்... ‘பிள்ளை றோட்டில ஓடித் திரியிறதை நிப்பாட்ட வேணும்.’ சரியா, இல்லையா என்று இன்றிரவு அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.

“ஓட ஏலாதவர் ஏன் வாறீங்கள்?” வெடுக்கென்று கேட்டுவிட்டாள். “உங்களால நானும் கெட்டன்!”

அவன் முகம் சுண்டிப்போனது.

“நீங்கள் போங்கோ. நான் மெதுவா வாறன். கடல் இரையிற பக்கமா நடந்தா றோட்டு வரும்தானே.”

திரும்பி நடந்தான்... காலை இழுத்துக்கொண்டு. சப்பாத்துக்கு மேலே இரத்தம்! ஒரு வார்த்தை சொன்னானா? இல்லையே...

‘அடி சீலா, உனக்கு வாய் கூடத்தான்!’

“நில்லுங்கோ. இருங்கோ அந்தக் கல்லில.”

“இல்லை, பரவாயில்லை...”

“இருங்கோ எண்டா இருக்கிறது! ஈச்ச முள்ளு. அசையாதேங்கோ.”

முள்ளை இழுத்து எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். அவன் இமையில் ஒரு மழைத்துளி, விழவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. இவ்வளவு கிட்டத்தில் அந்தக் கண்களை அவள் பார்த்ததேயில்லை...

“ஏன் வாறன் எண்டு கேட்டீங்கள்...” அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். “நான் துறைமுகத்தில கிரேன் ஓட்டுறனான். விடிய மேல ஏறியிருந்தா உட்துறைமுக வீதி முழுக்கத் தெரியும். ஒவ்வொரு நாளும் நீங்கள் ஓடுவீங்கள். நீங்கள் வளைவில திரும்புமட்டும் நான் ஒண்டையும் தூக்கமாட்டன். கீழ நிக்கிறவங்கள் தூசணத்தால ஏசுவாங்கள்.”

“அதுக்கு?”

“அதுக்கு... எனக்கு ஓட்டமே பிடிக்காது, சீலா. நீங்கள் ஓடுறதுதான் பிடிக்கும்.”

முள் அவள் விரலிடுக்கிலேயே இருந்தது. வடிவான பிள்ளை என்றிருக்கிறார்கள். அடக்கமான பிள்ளை என்று பொய்கூடச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இது...? இதை யார் சொன்னார்கள்?

“நாளைக்கு என்னைப் பாக்க வருகினம்.”

“தெரியும். உங்கட அண்ணன் சொன்னவர். இண்டைக்கு எப்பிடியெண்டாலும் உங்களோட கதைக்க வேணுமெண்டு பின்னால ஓடி ஓடிப் பாத்தன்... பிடிக்க ஏலாமப் போச்சு.”

இந்தமுறை சிரிப்பை அடக்க முடியவில்லை! பற்றைக்குள்ளிருந்து ஒரு கொக்கே எழும்பிப் பறந்தது...

இருவரும் நடந்தார்கள். ஆம், நடந்தார்கள்! முதல் தரமாகச் சீலாவுக்கு அவசரமில்லை.

றோட்டோரம் லொறி நின்றது. எல்லாரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றார்கள். அவளுடைய அண்ணன் வின்சன்ட், குழுவின் தலைவர், பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

“எங்கயடி போனனீ? ஒருநாளும் நீ கடைசியா வந்ததில்லையே! காலுக்கு என்னவும்...?”

“காலுக்கு ஒண்டுமில்லை, அண்ணா. மன்னார் ஆக்களை வர வேண்டாமெண்டு அம்மாட்டச் சொல்லுங்கோ.”

“ஏன்? என்ன விசர்க்கதை?”

சீலா பின்னால் திரும்பிப் பார்த்தாள். நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான்...

“எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு.”

லொறிக்குப் பக்கத்தில் ஒருவருக்குத் தேத்தண்ணி புரையேறியது. வின்சன்ட் தங்கையைப் பார்த்தார், லெஸ்லியைப் பார்த்தார், மறுபடியும் தங்கையைப் பார்த்தார். “இவன்ர இந்த ஓட்டத்தை வைச்சுக்கொண்டா?” என்றார்.

ஒரு சம்பந்தம் பேச ஒரு வருசம் எடுக்கிற ஊரில், ஒரு மழை விடுவதற்குள் முடிவெடுத்துவிட்டாளே இந்தச் சீலா... அவசரப்பட்டுவிட்டாளா? நீங்களே சொல்லுங்கள், நீங்களென்றால் என்ன செய்திருப்பீர்கள்?