வாளிக்குள் நடந்த சங்கு

வாளிக்குள் ஒரு சங்கு நடந்தது.

நிதானம் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். சோப்பு நுரைக்கு நடுவே, மற்ற சங்குகளின் மேல் ஏறி, அது வாளியின் ஓரத்துக்குப் போனது. வழுக்கியது. ‘டொக்’ என்று விழுந்தது. மறுபடி ஏறத் தொடங்கியது.

கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். காற்று மட்டும்தான் வந்தது.

நிதானம் என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. அப்பா வைத்த பட்டப்பெயர். மற்றவர்கள் பத்துச் சட்டை மடிக்கும் நேரத்தில் அவள் ஒன்றே ஒன்று மடிப்பாள். அதிலும் காலரை இரண்டு முறை தடவிப் பார்ப்பாள்.

அவர்களுடையது சலவைக்கடை. அம்மா துவைப்பார். அப்பா இஸ்திரி போடுவார். தம்பி வாசலில் நின்று, “அம்மா, ஆள் வந்திருக்கு!” என்று கத்துவான். அது அடுத்த தெருவுக்கும் கேட்கும். அதனால் அவன் பெயர் டமாரம்.

நிதானத்துக்கு ஒரு வேலை உண்டு. துணியை ஊறப்போடும் முன் எல்லா பாக்கெட்டையும் துழாவ வேண்டும். அதுதான் கடையின் முதல் சட்டம். சாவி, பேனா, பாதி கடித்த பிஸ்கட் என்று எத்தனையோ எடுத்திருக்கிறாள். ஒருமுறை ஒரு கட்டுப்பல்லே வந்தது. பல்லுக்குச் சொந்தக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

இப்போது கடைக்கு விடுமுறை. பள்ளிக்கும் வசந்தகால விடுமுறை. குளிர் போய், வெயில் இதமாக அடித்தது. நால்வரும் முதல்முறையாகக் கடற்கரைக்கு வந்திருந்தார்கள்.

வந்தும் என்ன? அலை நுரைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்ததும், “அடேயப்பா, என்ன பவுடர் போட்டாங்க, இப்படி நுரை வருது!” என்றார் அப்பா. விடுதி அறையின் படுக்கை விரிப்பை முகர்ந்து பார்த்து, “சரியா அலசலை” என்றார் அம்மா.

காலையில் மணலில் வீடு கட்டினார்கள். பந்து விளையாடினார்கள். பிறகு அப்பா ஒரு போட்டி வைத்தார். யார் அதிகமாகச் சங்கு பொறுக்குகிறார்கள் என்று பார்க்கலாம்!

அம்மா முந்தானையில் அள்ளினார். அப்பா தொப்பியில் அள்ளினார். டமாரம் பொறுக்கும்போதே, “நான்தான் ஜெயிச்சேன்!” என்று கத்தினான்.

நிதானம் ஒரே ஒரு சங்கு எடுத்தாள். நீளமாக, முறுக்கிவிட்டதுபோல் இருந்தது. பழுப்பு நிறக் கோடுகள் சுற்றிச் சுற்றி உச்சிவரை ஏறின. அதன் வாயை வெயிலில் காட்டி உள்ளே பார்த்தாள். விரலை விட்டுப் பார்த்தாள். கவிழ்த்துத் தட்டினாள். காலி.

“ஒண்ணுதானா?” என்று சிரித்தார் அப்பா.

“இது போதும்ப்பா” என்று அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு அந்தச் சங்கு ரொம்ப முக்கியம். விடுமுறை முடிந்ததும் ஆளுக்கு ஒரு பொருளை வகுப்பில் கொண்டுவந்து காட்ட வேண்டும். போன விடுமுறையில் அவர்கள் எங்கும் போகவில்லை. அதனால் துணி மாட்டும் கிளிப் ஒன்றைக் கொண்டுபோனாள். வகுப்பே சிரித்தது. டீச்சர்கூட இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார். இந்த முறை யாரும் சிரிக்க முடியாது.

அறைக்குத் திரும்பியதும் அம்மா வேறு என்ன செய்வார்? மூவரும் அள்ளிய சங்குகளையெல்லாம் வாளியில் கொட்டி, தண்ணீர் பிடித்து, சோப்புப் பவுடரைத் தூவினார்.

“ஒரே மண்ணு! கொஞ்சம் ஊறட்டும்” என்றார்.

நிதானம் கை கழுவக் குளியலறைக்குப் போனாள். அப்போதுதான் அந்தச் சங்கு நடந்தது.

“அம்மா!”

ஒருவழியாகக் குரல் வந்துவிட்டது.

அம்மா ஓடிவந்தார். அப்பா ஜன்னல் திரைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்; பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரும் ஓடிவந்தார். டமாரம் எல்லோருடைய கால்களுக்கும் நடுவே தலையை நுழைத்தான்.

சங்கு இன்னொரு முறை ஏறி, இன்னொரு முறை விழுந்தது. அதன் வாயிலிருந்து சின்னச் சின்னக் கால்கள் நீண்டு, உதறிக்கொண்டன.

“கால் இருக்கு!” என்று டமாரம் அலறினான்.

“உள்ளே நண்டு இருக்கும்மா” என்றாள் நிதானம். “துறவி நண்டு. எங்க அறிவியல் புத்தகத்துல படம் இருக்கு. காலிச் சங்குக்குள்ள குடியிருக்கும். நாம தூக்கினதும் பயந்து உள்ளே போயிருக்கும்.”

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த சோப்புப் பவுடர் பொட்டலத்தைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். மறுபடி பொட்டலத்தைப் பார்த்தார்.

“ஐயையோ! உயிரோட இருக்கிறதையா ஊறப்போட்டேன்?”

“எத்தனை சங்குல இருக்குன்னு தெரியலையே” என்று அப்பா தலையில் கை வைத்தார். “நாங்க மூணு பேருமே உள்ளே பார்க்கலை.”

பாக்கெட்டைப் பார்க்காமல் ஒரு கைக்குட்டையைக்கூட நனைக்காத குடும்பம்!

அப்பாவுக்குத்தான் முதலில் அசைவு வந்தது. “அலசுவோம், அலசுவோம்!” என்று குழாயைத் திறக்கப் போனார்.

“குழாய்த் தண்ணி வேண்டாம்ப்பா!” நிதானம் குறுக்கே கை நீட்டினாள். “இது கடல்ல இருந்தது. இதுக்கு உப்புத் தண்ணிதான் வேணும்.”

“கடல் தண்ணிக்கு இப்போ எங்கே போறது?”

மூன்று பேரும் மெதுவாகத் திரும்பி டமாரத்தைப் பார்த்தார்கள்.

டமாரம் ஓடிப்போய் மேசைமேல் இருந்த பெரிய பாட்டிலைக் கட்டிக்கொண்டான். காலையில் அலையில் முக்கி அவனே பிடித்தது. ஊருக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டப்போகிறானாம்.

“இது என் கடல்! தரமாட்டேன்!”

நிதானம் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். “சோப்புத் தண்ணி உன் கண்ணுல பட்டப்போ நீ எப்படிக் கத்தினே?”

“ரொம்பக் கத்தினேன்.”

“அதுங்களுக்குக் கத்தவும் தெரியாதுடா.”

டமாரம் பாட்டிலைப் பார்த்தான். வாளியைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு மூடியைத் திருகினான்.

அம்மா விடுதியின் டீத் தட்டைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். நிதானம் நுரைக்குள் கைவிட்டு ஒவ்வொரு சங்காக எடுத்து, கடல் தண்ணீர் ஊற்றி அலசி, உள்ளே பார்த்தாள்.

“காலி. காலி. ஆள் இருக்கு. காலி. ஆள் இருக்கு.”

ஆள் இருந்தவை தட்டுக்குப் போயின. காலிச் சங்குகள் அப்பாவின் தொப்பிக்குப் போயின. தட்டில் இருந்தவை கொஞ்ச நேரம் கல்லுபோல் கிடந்தன. பிறகு ஒன்று கண்ணை நீட்டியது. இன்னொன்று காலை நீட்டியது.

“பிழைச்சுக்கிச்சு!” என்றார் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது அவளுடைய ஈரக் கையிலிருந்து உருண்டையான ஒரு சங்கு நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

“பிடி, பிடி!” என்று அப்பா எட்டு வைத்தார்.

‘நறுக்.’

அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

“காலை எடுங்க” என்றார் அம்மா, சன்னமான குரலில்.

“எடுக்க மாட்டேன். எனக்குப் பயமா இருக்கு.”

“அப்பா, எடுங்கப்பா.”

அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு காலைத் தூக்கினார். ஒற்றைக் காலில் நின்றபடியே, “சொல்லுங்க, என்ன ஆச்சு?” என்றார்.

சங்கு நொறுங்கிக் கிடந்தது. உள்ளே எதுவும் இல்லை. வெறும் ஓடு.

எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். டமாரம் மட்டும் வாளிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா,” என்றான். அவன் இவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. “இங்க ஒருத்தர் சட்டை இல்லாம இருக்காரு.”

வாளியின் அடியில், நுரைக்குக் கீழே, ஒரு நண்டு சுருண்டு கிடந்தது. முன்பக்கம் கால்களும் கொடுக்கும் இருந்தன. பின்பக்கம் ஓடே இல்லை. வெளிர் சிவப்பாக, மெத்தென்று, வளைந்து இருந்தது. சோப்பு எரிச்சல் தாங்காமல் சங்கை விட்டே வெளியே வந்துவிட்டது. அப்பா மிதித்தது அதன் வீட்டை.

நிதானம் பாட்டிலில் மிச்சமிருந்த கடல் தண்ணீரைக் குவளையில் ஊற்றி, நண்டை மெல்ல எடுத்து அதில் விட்டாள்.

“அது இப்படியே இருந்தா என்ன ஆகும்?” என்று கேட்டார் அப்பா.

“பறவை தின்னுடும். இல்லேன்னா காஞ்சு போயிடும்.”

அடுத்த நிமிடம் நால்வரும் மாடிப்படியில் இறங்கினார்கள். அப்பா இரண்டு கையிலும் டீத் தட்டை ஏந்தி முன்னால் போனார். தலையில், காலிச் சங்குகள் நிறைந்த தொப்பியைக் கவிழாமல் வைத்திருந்தார். குவளையோடு நிதானமும் காலிப் பாட்டிலோடு டமாரமும் பின்னால் வந்தார்கள். எதிரே விடுதி மேலாளர் வந்தார்.

“என்ன சார், டீயா?”

“இல்லைங்க, நண்டு” என்று சொல்லிவிட்டு அப்பா நிற்காமல் போனார். மேலாளர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

சாலையைத் தாண்டினால் கடல். பாறை ஓரத்தில் முழங்கால் ஆழம்கூட இல்லாத ஒரு குட்டை தேங்கியிருந்தது. தட்டைச் சாய்த்ததும் நண்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ‘இவங்க சகவாசமே வேண்டாம்’ என்பதுபோல் வேகமாகப் போயின.

வெறும் உடம்பு நண்டை நிதானம் குட்டையின் ஓரத்தில் விட்டாள். அது ஒரு கல்லுக்கு அடியில் தன்னைத் திணித்துக்கொண்டது. பாதி உடம்புதான் மறைந்தது.

அப்பா தொப்பியிலிருந்த காலிச் சங்குகளை அதன் முன்னால் வைத்தார். “எது அளவு சரியா இருக்கோ, அதைப் போட்டுக்கட்டும்.”

நண்டு முதல் சங்கைத் தொட்டது. சின்னது. அடுத்ததில் ஓட்டை. இன்னொன்று நண்டைவிட மூன்று மடங்கு பெரியது. நண்டு மறுபடி கல்லுக்கு அடியில் போய்விட்டது.

தலைக்கு மேலே ஒரு நிழல் கடந்தது. வெள்ளைப் பறவை ஒன்று வட்டமிட்டு, பாறைமேல் வந்து உட்கார்ந்தது. கழுத்தைச் சாய்த்துக் குட்டையையே பார்த்தது.

“சூ! போ!” என்று டமாரம் கத்தினான். பறவை இரண்டு அடி நகர்ந்தது. போகவில்லை.

நிதானத்தின் கை சட்டைப் பைமேல் இருந்தது. உள்ளே அந்த நீளச் சங்கு. வகுப்பில் எல்லோரும் எட்டி எட்டிப் பார்ப்பதை அவள் நினைத்து வைத்திருந்தாள். யாரிடம் முதலில் கொடுப்பது என்றுகூட முடிவு செய்திருந்தாள்.

நண்டு கல்லுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் நுழையப் பார்த்தது. முடியவில்லை.

அவள் சங்கை எடுத்தாள். ஒருமுறை அந்தக் கோடுகளைத் தடவினாள். தண்ணீரில் முக்கி, வாய் நண்டின் பக்கம் இருக்கும்படி மணலில் வைத்தாள்.

“அக்கா, அது உன்னோட...” என்று தொடங்கிய டமாரம் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

நண்டு வரவில்லை.

“நான் தூக்கி உள்ளே விடட்டுமா?” என்றார் அப்பா.

“சங்கை இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா?” என்றார் அம்மா. கடையில் எல்லாமே அவசரம் அவர்களுக்கு.

“யாரும் தொடாதீங்க” என்றாள் நிதானம். “அதுவே வரட்டும்.”

காத்திருந்தார்கள். அப்பாவுக்குக் கால் மரத்துப்போனது. அம்மா இரண்டு முறை வாயைத் திறந்து இரண்டு முறையும் மூடிக்கொண்டார். டமாரம் பறவைக்கும் குட்டைக்கும் நடுவே கையை விரித்து நின்றான்.

கல்லுக்கு அடியிலிருந்து ஒரு கால் வந்தது. பிறகு இன்னொன்று. நண்டு சங்கின் அருகே வந்து வெளிப்பக்கம் முழுவதையும் தடவியது. சங்கைப் புரட்டியது. கொடுக்கை வாய்க்குள் விட்டு, மூலை முடுக்கெல்லாம் துழாவியது.

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார்.

“பாருங்க, பாக்கெட்டைப் பார்க்குது!”

நண்டு இன்னொரு முறை துழாவியது. பிறகு சட்டென்று திரும்பி, பின்பக்கத்தை உள்ளே நுழைத்தது. இப்படியும் அப்படியும் ஒரு குலுக்கு. அவ்வளவுதான். பழுப்புக் கோடு போட்ட சங்கு எழுந்து நடந்தது.

“தச்சு வாங்கின மாதிரி இருக்கே!” என்றார் அப்பா.

டமாரம் போட்ட கூச்சலில் பாறைமேல் இருந்த பறவை பறந்தே போய்விட்டது.

“ஏம்மா, துறவின்னா எல்லாத்தையும் விட்டுட்டுப் போறவங்கதானே?” என்று அப்பா நிதானத்திடம் கேட்டார். “இது என்னடான்னா, வீட்டையே முதுகுல தூக்கிட்டுத் திரியுது. யாரு இதுக்குப் பேரு வச்சது?”

நிதானம் சிரித்தாள். ஆனால் அவள் கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. பை தட்டையாக இருந்தது.

அம்மா அதைக் கவனித்தார். பக்கத்தில் வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டார். “நாளைக்கு எல்லாருமா வேற ஒண்ணு தேடலாம். நீ சொல்ற மாதிரி, ஒவ்வொண்ணா உள்ளே பார்த்து.”

டமாரத்தைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், அலையில் நின்று பாட்டிலை முக்கிக்கொண்டிருந்தான். ஓடிவந்து மூச்சிரைக்க அதை அக்காவின் கையில் திணித்தான்.

“என் கடலை நீ எடுத்துட்டுப் போய் உன் கிளாஸ்ல காட்டு.”

நிதானம் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்து, மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். அடியில், கண்ணாடிபோல் ஒரு குட்டி இறால் துள்ளியது. அதைக் குட்டையில் ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தாள். மறுபடி வெயிலில் பார்த்தாள். அம்மாவும் குனிந்து பார்த்தார். அப்பாவும் பார்த்தார்.

காலி.

“பத்திரமா வச்சுக்கோ. காட்டிட்டுத் திருப்பிக் கொடுத்துடணும்” என்றான் டமாரம். “அலை ஒண்ணுகூடக் குறையக் கூடாது, சொல்லிட்டேன்!”