புதிய சீசனில் நீக்கப்பட்டவை

பிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது, அதன் சத்தம் மட்டும் இல்லை. பொம்மசந்திராவின் அந்த இரண்டாம் மாடி வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து மூட்டுவலிக்காரரைப்போல முனகிக்கொண்டேயிருந்த பெட்டி, உள்ளே விளக்கு எரிய, தண்ணீர் ஜில்லென்றிருக்க, வாயை மூடிக்கொண்டுவிட்டது. ஹரிஷ்குமார் அதன் கதவில் காதை வைத்துக் கேட்டான்.

"என்ன டாக்டர், குழந்தை உதைக்குதா?" அடுப்படியிலிருந்து அனுஷா கேட்டாள்.

"சத்தமே வரல அனு."

"வந்தாலும் ரிப்பேரும்ப. வரலைன்னாலும் ரிப்பேரா?"

நியாயம்தான். சோபாவுக்குத் திரும்பிப் போனை எடுத்தான். 'வீட்டுக்கோட்டை' அன்று மாலை புதிய சீசனுக்கு மாறிக்கொண்டிருந்தது. சொந்த வீட்டைப் போன் கேமராவில் சுற்றிக் காட்டினால் அதுவே கோட்டையாகிவிடுகிற விளையாட்டு. ஊரார் தாக்குவார்கள், நாம் காக்க வேண்டும். வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்கிற சமாச்சாரம் இல்லை. சீசனுக்குச் சீசன் புதியவை வரும், கம்பெனிக்கு வேண்டாதவை போகும். ஆசையாக வாங்கிய வாள் ஒரு நாள் காணாமல் போயிருக்கும். கேட்டால் 'உங்கள் ஆதரவுக்கு நன்றி, வீரரே' என்று பதில் வரும்.

மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் ஹரிஷுக்கு உத்தியோகம். அடுத்தவன் வேலையில் ஒரு புள்ளி இடம்மாறினாலும் விடமாட்டான். இந்த விளையாட்டின் நிபந்தனைகளை மட்டும் ஒரு வரிகூடப் படிக்காமல் 'சம்மதம்' அழுத்தியிருந்தான். அனுஷாவுக்கும் சேர்த்து. குடும்பத்தில் ஒருவரைச் சேர்த்தால் கோட்டைக்குப் புதுக் கொடி என்றார்கள். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சுற்றிச்சுற்றிப் படம் எடுத்தான். 'இவரிடம் அனுமதி பெற்றீர்களா?' ஆம் என்றான். நம்ம பொண்டாட்டிதானே என்ற தைரியம். சொன்னால் திட்டுவாள் என்ற பயம். இரண்டையும் கூட்டினால் ஹரிஷ்குமார்.

திரையில் ஒரு வரி ஓடியது. 'சில ஒலிகள் நீக்கப்பட்டன.'

அனுஷா காபி கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது. மூக்கைக் கிட்டத்தில் கொண்டுபோனான். நுரை நுனிமூக்கில் ஒட்டியது. வாசனை இல்லை. சட்டையை முகர்ந்தான், சோபா உறையை முகர்ந்தான், அவள் தலைமுடியைக்கூட முகர்ந்தான்.

"அய்யே, என்ன பண்ற?"

'சில மணங்கள் நீக்கப்பட்டன.'

தெருவில் ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ்களின் வெளிச்சம் கூரையில் ஊர்ந்து, சுவரில் இறங்கி, வழக்கமாகப் பால்கனிக் கதவின் கண்ணாடியில் போய் மின்னும். இன்று மின்னவில்லை. வெள்ளைச் சுவர்மேல் வழவழவென்று வழிந்து போனது.

"ஹரி." அவள் குரலில் கிண்டல் இல்லை. "பால்கனி எங்க?"

சொன்னான். எல்லாவற்றையும், உளறி உளறி. அவள் அவனையே பார்த்தாள்.

"என்னையுமா உள்ள போட்ட?"

"ஒரு கொடி குடுத்தாங்க அனு..."

"கொடியா? துணி காயப்போடற கொடியாவது உருப்படியா குடுத்தாங்களா?" போனைக் காட்டினாள். "எடுடா. இப்பவே என்னை வெளிய எடு."

அவள் படத்தைத் தொட்டான். அழி. 'இந்தப் பாத்திரம் உங்களுடையது அல்ல.' மறுபடி. 'இந்தப் பாத்திரம் உங்களுடையது அல்ல.' விளையாட்டையே அழிக்கப் பார்த்தான். அழியவில்லை. போனை அணைத்தான். கறுத்த திரையில் வெள்ளை எழுத்து ஓடியது.

'சில உறுப்பினர்கள்...'

போனை எறிந்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்தான். இரண்டு கையாலும். வளையல் உள்ளங்கையில் குத்தியது. வலித்தது. வலிக்கட்டும்.

"விட்டுடாத," என்றாள்.

"விடமாட்டேன்."

குத்தல் நின்றது.

கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. நடுவே எதுவும் இல்லை.

"அனு?"

சமையலறை. இல்லை. குளியலறை. இல்லை. கட்டிலுக்கு அடியில். இல்லை.

அணைத்து எறிந்த போன் தரையில் கிடந்தபடி அடித்தது. எதிர் பிளாக் ஷங்கர், கூட விளையாடுகிறவன். குரலில் கல்யாணக் களை.

"மச்சா! சிஸ்டர் எங்க ஊட்டு ஹால்ல நிக்கறாங்க! கேமராவ தூக்குனா அப்படியே நிஜம் மாதிரி, குரு! புது சீசனுக்கு எல்லாருக்கும் ஃப்ரீயாம். செம பாப்புலர் உன் ஒய்ஃப்! என்ன சொன்னாலும் செய்றாங்க. சக்கத்தா இருக்கு, சூப்பர் போ!"

"ஷங்கர், எதையும் தொடாத. டேய், தொடாத..."

"இருடா, டான்ஸ் பட்டன் இருக்கு."

ஜன்னலுக்கு ஓடினான்.

எதிர் பிளாக்கில் விளக்கெரிந்த எல்லா வீட்டிலும் அனுஷா நின்றாள். ஒவ்வொரு ஹாலிலும் ஒருத்தி. ஒவ்வொருத்திக்கும் முன்னால் போனை உயர்த்திப் பிடித்த ஒரு கை. அத்தனை அனுஷாக்களும் இவன் ஜன்னலையே பார்த்தார்கள்.

மூன்றாம் மாடியில் ஷங்கரின் கட்டைவிரல் அசைந்தது.

அங்கிருந்த அனுஷாவின் இடுப்பு வெட்டென்று திரும்பியது. கைகள் தலைக்குமேல் போயின. முகம் மட்டும் திரும்பாமல், இவனைப் பார்த்து அழுதுகொண்டே, அவள் ஆடத் தொடங்கினாள்.

பிறகு பக்கத்து வீட்டிலும்.